ஒன்று புள்ளி ஏழு

இரவு இரண்டு மணி பத்து.
ஈசூன் கோப்பிக்கடையில்
நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
எங்கள் மேசையை மட்டும் விட்டுவைத்தார்கள்.
தோற்றவர்கள் என்று சட்டையின் நிறமே சொல்லியிருக்கும்.

"ஒன்று புள்ளி ஏழு ஏறியிருக்கிறோம்"
என்றார் தேவசகாயம் அண்ணன்.
எதிர்பாராமல் போனஸ் கிடைத்தவரின் கூச்சம் முகத்தில்.
மாதிரி எண்ணிக்கையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது,
அவர் மட்டும் கடைசிப் பெட்டிவரை நின்று பார்த்து வந்தவர்.
நாலு தேர்தலாக இதே வேலை.
"பரவாயில்லை, என்ன?"

பரவாயில்லை.
இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தது?
கொதிக்கிற எந்தப் பானைக்கும் பொருந்துகிறது
இந்த ஒரே மூடி.

ஒன்பது நாள். முப்பத்தொரு புளோக்.
மின்தூக்கியில் உச்சிக்குப் போய்
மாடி மாடியாகப் படியில் இறங்கினோம்.
செருப்பு அடுக்கு, மூன்று சக்கர சைக்கிள்,
சாம்பல் உதிர்ந்த ஊதுவத்திக் குவளை,
கம்பிக் கதவுக்குப் பின்னால் பாதி முகங்கள்.
ஒருவர் துண்டறிக்கையை வாங்கித் தரையில் விரித்து
எங்கள் எதிரிலேயே அதன்மேல் மீன் செதில் சுரண்டினார்.
அவருக்கும் நன்றி சொன்னேன்.

எனக்கு இருபத்துமூன்று. முதல் வாக்கு.
சீட்டில் பெருக்கல் குறிதான் போட்டேன்.
விடை கூட்டலில் வந்திருக்கிறது,
அதுவும் தசமத்தில்.

மிஞ்சிய துண்டறிக்கை ஒன்றைத் திருப்பி
வேட்பாளரின் புன்னகைக்கு நேர் பின்னால்
கணக்குப் போட்டேன்.
இப்போது நாற்பத்துமூன்று புள்ளி ஒன்று.
தேர்தலுக்கு ஒன்று புள்ளி ஏழு வீதம்
இன்னும் நாலு தேர்தல் போனால்
நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது.
மறுபடி போட்டேன். அதே ஒன்பது.
ஆக, ஐந்தாவது.
எனக்கு அப்போது நாற்பத்தெட்டு.

குவோ ஜுன் எட்டிப் பார்த்துப் பனிக்கட்டியைக் கடித்தான்.
"ராணுவத்திலும் இப்படித்தான்.
ஓடு ஓடு என்று விரட்டிக் கொண்டுபோய்
வரிசையில் நிற்க வைப்பார்கள்."
"என் வீட்டுக்கு நாலு வருடம்," என்றாள் ஃபைரூஸ்,
"சாவி தரும் மாதமாவது கடிதத்தில் இருக்கிறது."

அம்மாவுக்கு முதல் வாக்கு முப்பத்தாறு வயதில்.
அதுவரை எங்கள் தொகுதியில் எதிர்த்து நிற்க ஆளில்லை,
சீட்டே அச்சாகவில்லை.
அதையும் கணக்கில் சேர்க்கச் சொன்னார் அண்ணன்.
எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல்
ஓரத்தில் எழுதிவைத்தேன்.

பிறகு பழமொழியை எடுத்தார்.
பொறுத்தார் பூமி ஆள்வாராம்.
எந்தப் பூமி, அண்ணா?
இங்கே பூமியே தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை.
அதில் முப்பத்தெட்டு கழிந்துபோன வீட்டில்தான்
இன்றிரவு நான் தூங்கப் போகிறேன்.

சிரித்தார்.
அவருக்குக் கோபமே வரவில்லை.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.
ஒரு தடவை மேசையைத் தட்டியிருக்கலாம்.
மாறாக, மீந்த துண்டறிக்கைகளை அடுக்கி
ரப்பர் வளையம் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நானும் ஃபைரூஸும் நடந்தோம்.
சாலை முனையில் சிவப்பு மனிதன்.
இடப்பக்கம் வண்டி இல்லை. வலப்பக்கமும் இல்லை.
கண்ணுக்கெட்டிய தூரம் மழை கழுவிய தார்.
நின்றோம்.
கால் நூற்றாண்டெல்லாம் பொறுக்க மாட்டேன் என்று
பத்து நிமிடம் முன்பு கத்திய அதே நான்
வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்
கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றேன்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.
சிரித்தும் கால் நகரவில்லை.

பொத்தானை அழுத்தினேன்.
அதன் விளக்கு முன்பே எரிந்துகொண்டிருந்தது.
மறுபடி அழுத்தினேன்.